ஷோகி விருதுப் பட்டியலை எங்கிருந்து படிப்பது?

அன்புள்ள இளங்கோ,

ஆபீஸில் எல்லோரும் ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) விருது பற்றிப் பேசுகிறார்கள், பட்டியலைத் திறந்தால் பதினைந்து இருபது பெயர்கள் வரிசையாக நிற்கின்றன, எது பெரிது எது சிறிது என்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும். அதனால் எழுதுகிறேன், பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

நீ பார்த்ததன் பெயர் ‘ஷோகி தைஷோ’. ஜப்பான் ஷோகி சங்கம் வருடா வருடம் கொடுக்கிறது. முதல் பட்டியல் 1973 நிதியாண்டுக்கானது, ஐம்பதாவது 2022-க்கானது. அங்கே நிதியாண்டு நம் ஊர் மாதிரியேதான், ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஏப்ரல் பிறந்ததும் முடிவு வந்துவிடும். பத்திரிகை, தொலைக்காட்சிகளில் ஷோகி பார்க்கும் நிருபர்கள் கொண்ட குழு உட்கார்ந்து தேர்வு செய்கிறது.

இந்த ஏப்ரல்-மார்ச் கணக்கை மறந்தால் எல்லாம் குழம்பும். 2024 பிப்ரவரியில் முடிந்த ஓஷோ பட்டப் போட்டியும் 2023 ஜூனில் முடிந்த மெய்ஜின் போட்டியும் ஒரே விருதாண்டில்தான் வரும். ஜனவரி-டிசம்பர் என்று வைத்துக்கொண்டு ‘இவர் அந்த வருஷம் பட்டம் இழந்தாரே, எப்படி விருது?’ என்று கேட்பவர்கள் ஜப்பானிலேயே உண்டு.

பட்டியலில் இரண்டு விதமான விருதுகள் கலந்து கிடக்கின்றன. ஒரு விதம், எண்ணிப் பார்த்துக் கொடுப்பது: அதிக ஆட்டம், அதிக வெற்றி, வெற்றி விகிதம், தொடர் வெற்றி என்று நான்கு. இதில் யாருக்கும் வாதாட இடமில்லை, கூட்டிக் கழித்தால் போதும். இன்னொரு விதம், பேசி முடிவு செய்வது: ஆண்டின் சிறந்த வீரர், அவருக்கு அடுத்த நிலை, புதுமுகம், சிறந்த ஆட்டம், பெண் வீரர்களுக்கான விருதுகள், கடைசியாக மசுதா கோசோ விருது. பெண்கள் பகுதியில் சமீப ஆண்டுகளாக ஃபுகுமா கானா, நிஷியாமா தோமோகா இருவர் பெயரைத்தான் அதிகம் பார்ப்பாய். புதுமுக விருதைப் பற்றி விளக்க ஒன்றுமில்லை.

எண்ணிக்கை விருதுகளைப் பார்த்து ‘இவர்தான் பெரிய ஆட்டக்காரர்’ என்று முடிவு கட்டிவிடாதே. எட்டுப் பட்டங்கள் இருக்கின்றன. ரியூஓ, மெய்ஜின், ஓய், ஓஷோ நான்கும் ஏழு ஆட்டத் தொடர். கிசெய், ஓஸா, கியோ, எய்ஓ நான்கும் ஐந்து ஆட்டத் தொடர். எட்டையும் ஒருவரே வைத்திருந்து எல்லாவற்றையும் காப்பாற்றினால் குறைந்தது 28 ஆட்டம், இழுத்துக்கொண்டே போனாலும் 48. எதிரில் உட்காருபவர் ஒவ்வொருவரும் தகுதிச் சுற்றெல்லாம் ஜெயித்து வந்தவர். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு நிலைமை வேறு. எல்லாப் போட்டியிலும் அடிமட்டத்திலிருந்து ஏற வேண்டும், தரவரிசை லீக்கின் கடைசி வகுப்பிலேயே வருஷத்துக்கு 10 ஆட்டம் உண்டு. ஜெயிக்க ஜெயிக்க ஆட்டம் கூடும். எதிராளிகளும் பல தரம். ஆக, அதிக ஆட்டம், அதிக வெற்றி என்ற இரண்டும் வேகமாக ஏறிக்கொண்டிருப்பவரின் அடையாளம். உச்சியில் இருப்பவரை அதை வைத்து அளக்க முடியாது.

2017 நிதியாண்டை எடுத்துக்கொள். ஃபுஜி சோட்டா 73 ஆட்டம் ஆடி 61-இல் வென்றார், விகிதம் 0.836, கூடவே 29 தொடர் வெற்றி. அந்தத் தொடர் 2016 டிசம்பரில் தொடங்கி 2017 ஜூலையில்தான் அறுந்தது. பழைய சாதனை 1987-இல் காமியா ஹிரோஷி வைத்த 28. நான்கு எண்ணிக்கை விருதும் ஃபுஜிக்கே. ஆனால் அந்த வருஷத்துச் சிறந்த வீரர் ஹபு யோஷிஹாரு. பலமுறை வென்றவருக்கு அப்போது நிரந்தரப் பட்டம் தந்த ஏழு போட்டியிலும் அந்தத் தகுதியை அவர் அந்த டிசம்பரில்தான் முடித்திருந்தார். பதினைந்து வயதுப் பையனுக்கு எண்கள், ஹபுவுக்கு முதலிடம். குழு செய்தது சரிதான் என்பேன்.

இதற்கு நேர்மாறாக 1988. ஹபுவுக்கு அப்போது 18 வயது, கையில் ஒரு பட்டமும் இல்லை. 80 ஆட்டத்தில் 64 வெற்றி, நான்கு எண்ணிக்கை விருதும் அவருக்கு. என்ஹெச்கே கோப்பை என்ற தொலைக்காட்சிப் போட்டியில் முன்னாள், இந்நாள் மெய்ஜின்கள் நான்கு பேரை ஒருவர் பின் ஒருவராகச் சாய்த்தார். பட்டமே இல்லாதவருக்குச் சிறந்த வீரர் விருதைக் கொடுத்தார்கள். அதையும் சேர்த்து அந்த விருதை மொத்தம் 22 முறை வாங்கிவிட்டார்.

விகிதத்தைப் பற்றி ஒரு கணக்கு, உனக்குப் பிடிக்கும். இதுவரை யாரும் தாண்டாத வெற்றி விகிதம் 1967-இல் நகஹாரா மகோதோ எடுத்தது: 47 வெற்றி, 8 தோல்வி, 0.8545. ஃபுஜி சோட்டா எட்டுப் பட்டமும் பிடித்த 2023-இல் 46 வெற்றி, 8 தோல்வி, 0.8519. இன்னும் ஒரே ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடி ஜெயித்திருந்தால் 47-8, அச்சு அசலாக அதே எண். தோற்ற எட்டில் ஒன்று திரும்பியிருந்தால் 47-7, அதாவது 0.870, சாதனை தூள். ஐம்பத்து நான்கு ஆட்டத்தில் ஒன்று! மூன்றாம் தசம இடத்தை வைத்துச் சண்டை போடுபவர்களிடம் இதைச் சொல்லிப் பார்.

சிறந்த ஆட்ட விருது 2006 நிதியாண்டில் சேர்ந்தது. பெரும்பாலும் பட்டப் போட்டி ஆட்டமே வாங்கும். 2020 ஜூனில் வதனாபே அகிராவும் ஃபுஜி சோட்டாவும் ஆடிய கிசெய் தொடரின் முதல் ஆட்டம் அப்படி வாங்கியது. கடைசியில் வதனாபே சரமாரியாக செக் கொடுக்க, ஃபுஜியின் அரசன் ஒவ்வொன்றாகத் தப்பி வெளியே வரும். பார்க்கச் சுகம். ஆனால் உன் நிலையில் அதைப் பார்த்து நேரடியாகக் கற்க முடிவது குறைவு.

நீ படிக்க வேண்டியது மசுதா கோசோ விருது. மற்ற விருதெல்லாம் யார் ஆடினார் என்று பார்க்கும். இது என்ன புதிதாக ஆடப்பட்டது என்று பார்க்கும். மசுதா 1918-இல் பிறந்து 1991-இல் மறைந்தவர். 1957-இல் அன்றைக்கு இருந்த மூன்று பட்டங்களையும் ஒருசேர வைத்திருந்தார். 1971 மெய்ஜின் தொடரில் அன்றைய மெய்ஜின் ஓயாமாவுக்கு எதிராக, யானையை இடம் மாற்றி ஆடும் பழைய இஷிதா முறையைத் தன் பாணியில் மாற்றிக்கொண்டு வந்தார். தொடரை 3-4 என்று தோற்றார், ஆனால் அந்த முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. தோற்றவரின் யோசனையும் நிலைக்கும் என்பதற்கு அவரே சாட்சி. அவர் பெயரில் 1994 நிதியாண்டு முதல் இந்த விருது.

இதற்குத் தொழில்முறை வீரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இரண்டாவது நகர்விலேயே யானையை 3-2 கட்டத்துக்குக் (எண்ணும் முறையைக் கீழே சொல்கிறேன்) கொண்டுபோகும் யோசனைக்காக இமாய்ஸுமி கெஞ்சிக்கு 2008-இல் கொடுத்தார்கள். அப்போது அவர் பயிற்சிப் பள்ளியில் ‘மூன்றாம் தான்’ என்ற நிலை, தொழில்முறைக்கு ஒரு படி கீழே. அங்கிருந்து வெளியேறி, 41 வயதில்தான் தொழில்முறைக்கு வந்தார். ஹோஷினோ யோஷிதகா வாங்கியபோதும் அதே நிலைதான். 2019 நிதியாண்டில் எல்மோ என்ற மென்பொருளுக்கே, அதன் கோட்டைக்காக (அரசனைச் சுற்றிக் கட்டும் காவல்), கொடுத்துவிட்டார்கள்! 2017 உலகக் கணினி ஷோகிப் போட்டியில் வென்ற மென்பொருள் அது. கோட்டை கட்டியது யார் என்று கேட்காமல் கோட்டை நிற்கிறதா என்று பார்த்தார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை.

இனி பலகைக்கு வா. கட்டங்களை வலமிருந்து இடமாக 1 முதல் 9, மேலிருந்து கீழாக 1 முதல் 9 என்று எண்ணு. உன் அரசன் 5-9-இல். எல்மோ கோட்டையை இப்படிக் கட்டு: அரசன் 6-8, அடுத்து 7-8. பிறகு இடது வெள்ளி (வெள்ளி, தங்கம் இரண்டும் காய்களின் பெயர்) 7-9-இலிருந்து 6-8. கடைசியாக இடது தங்கம் 6-9-இலிருந்து 7-9. மொத்தம் நான்கே நகர்வு. வரிசை மாறக்கூடாது. வெள்ளியை முதலில் 6-8-க்கு ஏற்றினால் அரசன் போகும் வழி அடைபடும். வெள்ளி நகராமல் தங்கத்துக்கு 7-9 காலியாகாது. பழகாதவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

நான்கு நகர்வில் என்ன லாபம் என்று தெரிய, அரசனை மூலையில் புதைக்கும் அனாகுமாவோடு ஒப்பிட்டுப் பார். மந்திரி வழிவிட 1, அரசன் 6-8, 7-8, 8-8, 9-9 என்று 4, மூலையிலிருக்கும் ஈட்டிக் காய் 9-8-க்கு ஏற 1, வெள்ளி 8-8-இல் மூட 1. ஏழு ஆயிற்று. இரண்டு தங்கத்தையும் பக்கத்தில் சேர்க்க இன்னும் மூன்று. எல்மோ கட்டுபவர் மிச்சப்பட்ட ஆறு நகர்வையும் தாக்குதலுக்கு வைத்துக்கொள்கிறார். எதிரி தான் பிடித்த யானையைக் கடைசி வரிசையில் இறக்கினாலும் 7-9 தங்கமும் 6-8 வெள்ளியும் ஒன்றையொன்று தாங்கும். பலவீனம், தலைக்கு மேலே. 7, 8, 9 நெடுவரிசைச் சிப்பாய்களைத் தள்ளிக்கொண்டு நேர் மேலிருந்து வந்தால் தாங்க ஆள் குறைவு. ஆகவே இது யானையை இடம் மாற்றி ஆடும் எதிராளிக்கு எதிராக, அதுவும் வேகமாகத் தாக்கும்போது மட்டும். கட்டிவிட்டுச் சும்மா காத்திருந்தால் அடி விழும்.

விருது பெற்ற யோசனையைக் காப்பியடிக்கிறவர்கள் சறுக்குவது எப்போதும் இப்படித்தான். நகர்வை எடுத்துக்கொள்வார்கள், அது யாருக்கு எந்தப் பதில் என்பதை விட்டுவிடுவார்கள். மசுதா வரிசையைக் கேள்வி-பதிலாகப் படித்தால் இந்தச் சிக்கல் வராது. அனாகுமா உடைக்க முடியாத கோட்டை என்று இருந்த காலத்தில் ஃபுஜி தகேஷி (சோட்டாவுக்கு உறவில்லை) தன் அரசனை வீட்டிலேயே நிறுத்திவிட்டு, எதிராளி மூலைக்குப் போய்ச் சேருமுன் ஓரச் சிப்பாய், குதிரை, மந்திரி மூன்றையும் அந்த மூலைக்கே குறி வைத்தார். 1995 டிசம்பரில் இனோவே கெய்தாவை 47 நகர்வில் முடித்தார். விருதும் வந்தது, 1998-இல் ரியூஓ பட்டத்தை 4-0 என்று பறிக்கவும் அதுவே கை கொடுத்தது.

கொண்டோ மசகாஸுவின் ‘கோகிகென்’ நடு யானையையும் பார். 7-6 சிப்பாய், 3-4 சிப்பாய், 2-6 சிப்பாய், 5-4 சிப்பாய், 2-5 சிப்பாய், யானை 5-2. இருவரும் மாறி மாறி ஆறு நகர்வு, யானையை நகர்த்தியவர் தன் மந்திரியின் பாதையை அடைக்கவே இல்லை. அதுவரை யானையை நகர்த்துபவர்கள் பெரும்பாலும் அந்தப் பாதையை மூடிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். இங்கே நீ ஆசைப்பட்டு உடனே 2-4 சிப்பாயைத் தள்ளி யானையால் பிடித்தால், அவர் மந்திரியை மாற்றிக்கொண்டு 3-3-இல் புது மந்திரியை இறக்குவார். அது 2-4 யானையையும் 8-8 வெள்ளியையும் ஒரே நேரத்தில் பார்க்கும். தயாரில்லாதவன் அங்கேயே தொலைந்தான்.

இதற்குப் பதில்தான் ஹோஷினோவின் விருது. வலது வெள்ளியை 4-8, 3-7, 4-6 என்று ஓட்டமாக ஏற்றி நடுச் சிப்பாயை நெருக்குவது. முன்னதாக 3-6 சிப்பாயைத் தள்ளியிருக்க வேண்டும், இல்லையென்றால் 3-7-இல் வெள்ளி ஏற இடம் இல்லாமல் திணறும். ஒரு விருதை இன்னொரு விருது மடக்குகிறது.

சூஸா மகோதோவின் யோசனை இன்னும் சிறியது: பின்வாங்கும் யானையை வழக்கமான 8-4-க்கு விடாமல் 8-5-இல் நிறுத்தினார். ஒரே கட்டம். அங்கே நின்றால் 7-5-க்குத் தள்ளும் சிப்பாய்க்கு யானையே பக்கக் காவல், தாக்குதல் ஒரு படி முன்னால் தொடங்குகிறது. மாறாக ஃபுஜி சோட்டா 2018 ஜூனில் இஷிதா நாவோஹிரோவுக்கு எதிராக 7-7-இல் யானையைப் பலி கொடுத்த நகர்வுக்கும் இதே விருது. அது அந்த ஓர் ஆட்டத்துக்கான கணக்கு, உன் ஆட்டத்தில் திரும்ப வராது. ரசி, நகல் எடுக்காதே.

இந்த யோசனைகளில் சிலதை இன்றைக்கு மென்பொருள் ஏற்பதில்லை. அதற்காகத் தூக்கிப் போடாதே. உன்னோடு ஆடும் ஆபீஸ் நண்பர்கள் மென்பொருள் இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: எல்மோவை நண்பரோடு பத்துப் பதினைந்து ஆட்டம் ஆடிப் பார். அவர் யானையை நகர்த்தினால் மட்டும் கட்டு. தோற்ற ஆட்டங்களில் அடி மேலிருந்து வந்ததா, பக்கத்திலிருந்து வந்ததா என்று குறித்து வை. பக்கத்திலிருந்து வந்திருந்தால் கோட்டை வரிசையில் எங்கோ பிசகியிருக்கிறாய், நகர்வுப் பட்டியலை எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அடுத்த ஏப்ரல் பட்டியல் வந்ததும் மசுதா வரியை முதலில் படி. அந்த யோசனை எந்த முறையை எதிர்த்து வந்தது என்று நண்பர்களிடம் கேட்டு எழுது, அதற்குள் நானும் இங்கே பலகையில் வைத்துப் பார்த்துவிடுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா