அப்பா பெயரில் இருக்கும் கடைகள்: நம் ஊர் வணிகர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

வேலூர் காந்தி ரோடு பக்கம் எங்கள் மளிகைக் கடை. சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளக் குடும்பங்கள் லாட்ஜில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவதால், நல்லெண்ணெய்க்குப் பக்கத்திலேயே கடுகெண்ணெயும் அடுக்கியிருப்போம். கல்லாவில் அப்பா இருந்தார். இப்போது நான் இருக்கிறேன்.

அவர் இறந்த அன்று மாலையோடு வந்தீர்கள். பக்கத்துக் கடைகளும் ஷட்டரை இறக்கின. அந்த மரியாதையை மறக்கமாட்டோம். காரியம் முடிந்து கடையைத் திறந்த பிறகுதான், சட்டப்படி எங்களுக்குக் கடையே இல்லை என்பது தெரிந்தது. ஜி.எஸ்.டி. பதிவு அவருடைய பான் எண்ணில் இருந்தது. நடப்புக் கணக்குக்கு நாமினி இல்லாததால் வங்கி அதை நிறுத்திவிட்டது. மண்டிக்காரருக்குக் காசோலை தர வழியில்லை. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் மனு. ஜி.எஸ்.டி. தளத்துக்குள் நுழைய ஓடிபி அப்பாவின் செல்போனுக்குத்தான் வரும் என்பதால், ஆள் போன பிறகும் அந்த எண்ணுக்கு அம்மா ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார்.

இதற்கெல்லாம் வழி இருக்கிறது. வாரிசு முதலில் தன் பெயரில் புதிய பதிவு எடுக்க வேண்டும். பழைய பதிவில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய வரியில் இனிமேல் கழித்துக்கொள்ள வேண்டிய தொகையை, ஐ.டி.சி.-02 படிவம் மூலம் மாற்றிக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் பழையதை ரத்து செய்ய வேண்டும். 2019 மார்ச்சிலேயே இதற்குச் சுற்றறிக்கை வந்துவிட்டது. எங்கள் கணக்கரோ ரத்து மனுவை முதலில் எழுதி வைத்திருந்தார்! கிடங்கில் இருக்கும் சரக்குக்குக் கட்டிய வரி வீணாகியிருக்கும்.

சங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. கடையடைப்பு, வாடகைப் பிரச்சினை, அதிகாரிகளிடம் மனு என்று நீங்கள் அலைவது தெரியும். ஆனால் பெரிய அங்காடிகள் நம்மை விழுங்குகின்றன என்று மேடைக்கு மேடை பேசுகிறோமே, வீட்டுக்குள்ளேயே இருக்கும் இந்த ஓட்டையைப் பற்றி ஒரு கூட்டத்திலாவது பேசியிருக்கிறோமா?

வாரத்தில் ஒரு மாலை, விவரம் தெரிந்த வரி ஆலோசகர் ஒருவரைச் சங்க அலுவலகத்தில் உட்கார வையுங்கள். வயதான உறுப்பினர்களை மகனோடோ மகளோடோ வரச் சொல்லுங்கள். நாமினி போட்டிருக்கிறார்களா, 1989 முதல் இயங்கும் வணிகர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா, பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டு நிறுவனமாக மாற்றுவது சரிப்படுமா என்று பார்த்துச் சொன்னால் போதும். செலவு சந்தாப் பணத்திலேயே அடங்கும். (அப்பா சந்தா பாக்கி வைத்தவர் அல்ல, ரசீதுகள் கல்லாவுக்கு அடியில் இன்னும் இருக்கின்றன.)

மே 5 வணிகர் தினத்துக்கு நன்கொடை கேட்டுக் கடை கடையாக வருவீர்கள். அப்போது ரசீதைக் கிழித்துக் கொடுக்கும்போதே, "உங்கள் கணக்குக்கு நாமினி யார்?" என்றும் கேளுங்கள்.

இப்படிக்கு,
காந்தி ரோடு மளிகைக் கடைக்காரர் ஒருவர்