பச்சைக் குறி போட்டவர் யார்? அலைனர் நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
சிகிச்சைக் கட்டணம் முழுவதையும் முன்கூட்டியே செலுத்திய வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

பொருள்: மேல்வரிசைப் பக்கவாட்டு வெட்டுப்பல் திட்டப்படி நகராதது, அதைச் சரிசெய்யக் கூடுதல் கட்டணம் கேட்பது, சிகிச்சைக்குப் பொறுப்பான மருத்துவர் யார் என்று தெரிவிக்க மறுப்பது ஆகியவை தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே குறையைத் தங்கள் செயலியின் உரையாடல் பெட்டியில் பலமுறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பெயர் தோன்றி, "உங்கள் புன்னகைப் பயணத்தில் நாங்களும் உடன் வருகிறோம்" என்று ஆரம்பித்து, பல்லுறை நன்றாகப் பதிய ரப்பர் உருளையைக் கடிக்கச் சொல்லிவிட்டு மறைந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். இதையாவது யாரேனும் ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அலைனர், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி அணியும் ஒளிபுகும் உறைகளால் பல்லை நகர்த்தும் சிகிச்சை முறையின் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. நடுவயதில் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொள்ளத் தயங்கும் என் போன்றவர்களுக்கு, கழற்றிப் பல் துலக்க முடிகிற ஒன்று கிடைத்திருப்பது நல்ல விஷயம். நான் புகார் சொல்வது, பெரியவர்களின் வாய்க்குள் நடக்கும் ஒரு மருத்துவச் சிகிச்சையைக் கைப்பேசி உறை விற்பதுபோல் தாங்கள் விற்பதைப் பற்றி.

தங்கள் விளம்பரம் "அன்றாட வாழ்க்கையில் எந்த மாற்றமும் இருக்காது" என்கிறது. முதல் உறையைப் போட்ட அன்றே அது பொய்த்துவிட்டது. பற்கள் இறுகுவது போன்ற அழுத்தம் இருக்கும் என்பது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, உறையின் விளிம்பு. கீழ்வரிசைக் கடைவாய்ப்பல்லின் உட்பக்கம் அது சரியாக மழுக்கப்படாமல் இருந்தது. நாக்கின் ஓரம் இரண்டாம் நாளே புண்ணாகிவிட்டது. நகம் தேய்க்கும் அட்டையால் நானே தேய்த்து மழுக்கினேன். அதைச் செய்யலாமா கூடாதா என்று கேட்டதற்கு வந்த பதில்: "உங்கள் கருத்துக்கு நன்றி." கழற்றுவதும் ஒரு பாடம்தான். கடைவாய்ப்பல்லின் உட்புறத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பி, ஒரு பக்கம் கிளம்பியதும் மெல்ல முன்னால் வர வேண்டும். முன்பல்லைப் பிடித்து இழுத்தால் உறை விரிசல் விடும். இதை விளக்க ஒரு நிமிடப் படம் போதும். தங்கள் பெட்டிக்குள் இருந்ததோ வாழ்த்து அட்டையும் ஒட்டுப்படங்களும்.

வகுப்பெடுப்பது என் தொழில். "சில மணி நேரத்தில் இயல்பாகப் பேசலாம்" என்று தங்கள் விற்பனைப் பிரதிநிதி உறுதி கொடுத்திருந்தார். நாக்கு பல்லைத் தொடும் இடத்தில் ஒரு படலம் வந்து உட்கார்ந்தால் தகரமும் சகரமும் குழறத்தான் செய்யும். (மேலண்ணத்தைத் தேடிப் போகும் ழகரம் மட்டும் தப்பித்தது, மாணவர்களுக்கு அந்த அளவில் நஷ்டமில்லை.) குழறல் தானாகவே சரியாகிவிட்டது. ஆனால் சில வாரம் ஆகலாம், சத்தமாக வாசித்துப் பழகினால் சீக்கிரம் சரியாகும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், முக்கியமான ஒரு கூட்டத்தை முதல் வாரத்தில் வைத்துக்கொண்டு தவித்திருக்க மாட்டேன்.

இவை சில்லறைக் குறைகள். பொறுத்துக்கொண்டேன். இனிச் சொல்வது அப்படிப்பட்டதல்ல.

தங்கள் மையத்தில் என் வாயை ஸ்கேன் செய்தவர் ஒரு தொழில்நுட்ப உதவியாளர். மருத்துவர் எவரும் அங்கே இல்லை. எக்ஸ்ரே எடுக்கவில்லை. ஈறு ஆரோக்கியமாக இருக்கிறதா என்று யாரும் கருவி வைத்துப் பார்க்கவில்லை. பல் நகர்வது என்றால் என்ன நடக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. உறை தரும் அழுத்தத்தில் வேரைச் சுற்றியுள்ள இணைப்புத் தசைநார் ஒரு பக்கம் அழுந்துகிறது. அங்கே எலும்பு கரைகிறது, எதிர்ப்பக்கம் புதிய எலும்பு உருவாகிறது. வளர்ச்சி முடிந்துவிட்ட பெரியவர்களுக்கு இந்தக் கரைதலும் உருவாதலும் சிறுவர்களுக்கு நடக்கும் வேகத்தில் நடப்பதில்லை. ஈறு நோய் கவனிக்கப்படாமல் இருக்கும் வாயில் பல்லை நகர்த்தினால் எலும்பு இழப்பு அதிகமாகலாம். ஆகவே வேரையும் எலும்பையும் பார்க்காமல் பெரியவர் ஒருவரின் பல்லை நகர்த்தத் தொடங்குவது, அடித்தளத்தைப் பார்க்காமல் சுவரை நகர்த்துகிற வேலை. இதற்கு ஒப்புதல் கொடுத்த மருத்துவர் யார்? தங்கள் ஒப்பந்தத்தில் "எங்கள் நிபுணர் குழு" என்று இருக்கிறது. குழுவுக்குப் பதிவு எண் கிடையாது, மருத்துவருக்கு உண்டு.

தாங்கள் அனுப்பிய முப்பரிமாண வீடியோவில் பற்கள் அழகாக வரிசைக்கு வருகின்றன. சில பற்களின் மேல் சிறு புள்ளிகள் இருந்தன. அவை என்ன என்று வீடியோ சொல்லவில்லை. உறைகளை வாங்கப் போன அன்று தங்கள் ஒப்பந்தக் கிளினிக்கில்தான் தெரிந்தது, அவை பல்லின் மேல் ஒட்டப்போகும் பல்நிறப் பிசின் மேடுகள், அதாவது அட்டாச்மெண்ட், என்று. முன்பற்களில்கூட. உறை பல்லைப் பிடித்துத் திருப்புவதற்கு அவை வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் "யார் கண்ணுக்கும் தெரியாது" என்று கூவி விற்றுவிட்டு, பணம் கட்டி முடித்த பிறகு முன்பல்லில் மேடு வைப்பதை என்னவென்று சொல்வது?

அதைவிடப் பெரியது அடுத்து நடந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, பற்களுக்கு இடையே ஒரு மெல்லிய பட்டையை விட்டுத் தேய்க்கத் தொடங்கினார்கள். இடம் உண்டாக்குவதற்காக எனாமலைக் குறைக்கிறார்களாம். இது அங்கீகரிக்கப்பட்ட முறைதான். பக்குவமாகச் செய்தால் ஓர் இடைவெளிக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் பொதுவாகப் போவதில்லை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இருந்தாலும் எனாமல் மீண்டும் வளராது. திரும்பக் கிடைக்காத ஒன்றை எடுக்கும் முன் கேட்க வேண்டும். வாய் திறந்த நிலையில், உறிஞ்சுகுழாயை உதட்டில் மாட்டிக்கொண்டு நான் தலையசைத்ததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்போலும்.

இப்போது தலையாய புகாருக்கு வருகிறேன்.

நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிய வேண்டும் என்பது தங்கள் நிபந்தனை. அணிந்தேன். ஒவ்வொரு உறையும் பல்லைச் சுமார் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நகர்த்தும். அடுத்த உறை, முந்தையது தன் வேலையை முடித்துவிட்டது என்ற கணக்கில் வடிக்கப்பட்டது. ஒரு பல் பின்தங்கினால் அடுத்தடுத்த உறைகளில் அந்த வித்தியாசம் கூடிக்கொண்டே போகும். எனக்கு அப்படித்தான் ஆனது. மேல்வரிசையில் இடப்பக்கப் பக்கவாட்டு வெட்டுப்பல். உறையைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால், பல்லின் விளிம்புக்கும் உறைக்கும் நடுவே பிறை வடிவில் ஒரு வெற்றிடம். அதில் எச்சில் குமிழி ஒன்று நிற்கும். உதட்டால் அழுத்தினால் விலகிப் போய், விட்டதும் பழைய இடத்துக்கே வந்துவிடும். நகத்தால் தட்டினால் மற்றப் பற்களின் மேல் கெட்டியாகக் கேட்கும் ஓசை அந்த ஒரு பல்லின் மேல் மட்டும் வெற்றாகக் கேட்டது. இதைக் கண்டுபிடிக்க நான் பல் மருத்துவம் படிக்க வேண்டியிருக்கவில்லை.

தங்கள் செயலி கேட்டபடி ஒவ்வொரு உறைக்கும் உதட்டை விரித்துப் புகைப்படம் அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் பச்சைக் குறி வந்தது. "அருமை! அடுத்த உறைக்குச் செல்லுங்கள்." அந்தக் குறியைப் போட்டது மனிதரா, கணினியா? மனிதர் என்றால் அவர் பெயரும் பதிவு எண்ணும் எனக்கு வேண்டும். கணினி என்றால், அதைத் தங்கள் விளம்பரத்தில் "நிபுணரின் தொடர் கண்காணிப்பு" என்று எழுதியிருப்பதை உடனே நீக்க வேண்டும்.

மேல்வரிசைப் பக்கவாட்டு வெட்டுப்பல்லைக் கீழே இழுப்பதும், உருண்டையான கோரைப்பல்லைத் திருப்புவதும் அலைனருக்குக் கடினம் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. தாங்கள் "புரட்சி" என்று விளம்பரப்படுத்தும் முறையின் மூலக்கருத்து ஒன்றும் நேற்று வந்ததல்ல. படிப்படியாக மாற்றப்படும் கழற்றக்கூடிய சாதனத்தால் பல்லைச் சிறுகச் சிறுக நகர்த்தலாம் என்று எச். டி. கெஸ்லிங் 1945ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். கணினியில் வடிவமைத்த உறைகள் 1990களின் இறுதியில் சந்தைக்கு வந்தன. எந்தப் பல் அடம்பிடிக்கும் என்று கற்றுக்கொள்ளத் துறைக்கு வேண்டிய அளவு காலம் கிடைத்திருக்கிறது. ஆரம்பத்திலேயே "இந்தப் பல் பின்தங்கக்கூடும், இடையில் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டிவரும்" என்று சொல்வதில் தங்களுக்கு என்ன சங்கடம்? விற்பனை ஒன்று தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதானே.

பொறுமை இழந்து, தங்களோடு தொடர்பில்லாத பல் சீரமைப்பு நிபுணர் ஒருவரிடம் போனேன். அவர் சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பல் பின்தங்கிவிட்டது, அடுத்த உறைக்குப் போகக் கூடாது, எக்ஸ்ரே எடுத்துப் புதிய ஸ்கேனில் திட்டத்தைத் திருத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். வீடியோவில் தாங்கள் காட்டாத இன்னொன்றையும் சொன்னார்: நெருக்கமாக இருந்த பற்கள் வரிசைக்கு வரும்போது, பெரியவர்களுக்கு ஈற்றோரத்தில் கறுப்பு முக்கோண இடைவெளிகள் தெரியலாம். தங்கள் வீடியோவில் ஈறு எல்லா இடைவெளியையும் இளஞ்சிவப்பாக நிரப்பிக்கொண்டு நிற்கிறது. வரைவது சுலபம்.

அவர் எழுதிக் கொடுத்ததைத் தங்களுக்கு அனுப்பியதும் தாங்கள் செய்தது என்ன? "பரிந்துரைத்த நேரம் அணியாததால் ஏற்பட்ட விலகல்" என்று ஒரு வரி எழுதி, திருத்த உறைகளுக்குத் தனிக் கட்டணம் கேட்டீர்கள். அணியும் நேரத்தைக் கணக்கிடும் கடிகாரம் தங்கள் செயலிக்குள்ளேயே இருக்கிறது. அதன் பதிவை எடுத்துப் பார்த்தீர்களா? நான் பார்த்தேன், இணைத்தும் இருக்கிறேன். சாப்பிட, துலக்கக் கழற்றிய நேரம் போக, தங்கள் நிபந்தனைக்குள்தான் இருக்கிறது. வாதத்துக்கு நேரம் குறைந்தது என்றே வைத்துக்கொள்வோம்: ஒரு பல் மட்டும் அதைத் தெரிந்துகொண்டு நின்றுவிட்டதா?

ஒப்பந்தத்தின்படி, "மருத்துவர் தேவை என்று கருதினால்" திருத்த உறைகள் கட்டணமின்றித் தரப்பட வேண்டும். மருத்துவர் ஒருவர் தேவை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். "எங்கள் மருத்துவர்" கருத வேண்டும் என்றால், அவரை என் முன்னே வரச் சொல்லுங்கள்.

எனவே நான் கேட்பது இவைதான். எனக்குப் பொறுப்பான மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் எழுத்துமூலம் வேண்டும். அவர் நேரில் பரிசோதித்து, எக்ஸ்ரே எடுத்து, திருத்திய திட்டத்தைக் கட்டணமின்றித் தர வேண்டும். அதில் எங்கெல்லாம் மேடு ஒட்டப்படும், எங்கே எவ்வளவு எனாமல் குறைக்கப்படும், முடிவில் எந்த வகை ரீடெய்னர் (நகர்ந்த பல்லை அதே இடத்தில் நிறுத்திவைக்கும் சாதனம்), அதை எத்தனை காலம் அணிய வேண்டும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். ரீடெய்னரை விட்டால் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பத் தொடங்கும், இரவில் அணிவது ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடும் என்பதைக்கூட வெளியாள் ஒருவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தங்கள் விலைப்பட்டியலில் அது "விருப்பப்பட்டால்" என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது.

இதைச் செய்ய விருப்பமில்லை என்றால், பயன்படுத்தாத உறைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு அவற்றுக்கான தொகையைத் தாருங்கள். வேறு மருத்துவரிடம் போய்க்கொள்கிறேன். இரண்டில் எது நடந்தாலும் என் ஸ்கேன் கோப்புகள், புகைப்படங்கள், சிகிச்சைத் திட்டம் அத்தனையின் பிரதியும் இப்போதே வேண்டும். இதில் அவசரம் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற அலைனர் நிறுவனம் 2023 டிசம்பரில் திடீரென்று மூடப்பட்டபோது, அதன் வாடிக்கையாளர்கள் பாதிச் சிகிச்சையில் நின்றார்கள்; வாழ்நாள் உத்தரவாதமும் நிறுவனத்தோடு போய்விட்டது. தங்கள் நிறுவனத்துக்கு அப்படி நேர வேண்டாம். நேர்ந்தால் என் பல் தங்கள் கணினிக்குள் மாட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். செயலி வழியாக வரும் செய்தியைப் பதிலாக ஏற்க மாட்டேன். பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிலும், மருத்துவரின் பெயர் கிடைத்ததும் அவரைப் பதிவு செய்துள்ள பல் மருத்துவக் கவுன்சிலிலும் முறையிடுவேன். அதுவரை, வெளியில் பார்த்த நிபுணரின் ஆலோசனைப்படி, ஓரளவாவது பொருந்தும் பழைய உறையையே அணிந்துவருகிறேன். புதிய உறைகள் பிரிக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஒப்பந்தத்தின் பிரதி, செயலியின் அணியும் நேரப் பதிவு, பச்சைக் குறி பெற்ற புகைப்படங்கள், வெளி நிபுணர் எழுதிக் கொடுத்த குறிப்பு, கூடுதல் கட்டணம் கேட்டுத் தாங்கள் அனுப்பிய செய்தியின் அச்சுப் பிரதி.