வெண்கலத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதைப் பாராட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மாவட்ட அருங்காட்சியகம் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அங்குள்ள வெண்கலச் சிலைகளைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருப்பதாக ஊழியர்களுக்குப் பாராட்டு வேறு. தொல்பொருள் பாதுகாப்பு வேலை பார்த்த யாருக்கும் அந்த வரி வயிற்றெரிச்சலைத்தான் தரும்.

புதையுண்டு கிடந்த வெண்கலத்தின் மேலுள்ள பச்சைப் படலம் அழுக்கு அல்ல. அடியிலுள்ள உலோகத்தைக் காப்பதே அதுதான். நகக்கண், ஆடை மடிப்பு போன்ற நுணுக்கங்களும் பல நேரம் அந்தப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும். உள்ளே இருக்கும் குளோரைடு உப்பின் மேல் காற்றும் ஈரமும் படும். கொஞ்ச நாளில் கடுகளவு வெளிர்பச்சைப் பொடி பூக்கும். துடைத்தாலும் திரும்ப வரும், அடியில் குழி விழும். இதுதான் வெண்கல நோய். உப்புத் தண்ணீரில் கழுவினால் இன்னும் மோசம்.

பொடி பூத்த சிலையைத் தனியே எடுத்து, உருப்பெருக்கியின் கீழ் பொடியை மட்டும் சுரண்டி, செம்பு அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளான பென்சோடிரையசோல் 3 சதவீதம் கலந்த ஆல்கஹாலில் ஊறவைத்து, உலர்த்தி, அக்ரிலிக் பூச்சு கொடுக்க வேண்டும். கையுறை கட்டாயம். பயிற்சி பெற்றவர் செய்யவேண்டிய வேலை இது. பிறகு பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் வைத்து ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே நிறுத்த வேண்டும். ஈரம் குடித்து நீல ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கி உலர்த்தி மறுபடி வைக்க வேண்டும். சின்ன அருங்காட்சியகங்களில் அது இளஞ்சிவப்பாகவே வருஷக்கணக்கில் கிடக்கிறது. எந்த நிருபரும் அதைக் கவனித்து எழுதியதில்லை. சென்னை அருங்காட்சியகத்தில் 1930களிலேயே அங்கிருந்த வேதியியலாளர் எஸ். பரமசிவன், மின்சாரம் செலுத்தும் மின்பகுப்பு முறையில் வெண்கலங்களைச் சீர்செய்தார் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

அதே கட்டுரையில் பானை ஓடுகளை "வெறும் ஓடுகள்" என்று தள்ளிவிட்டீர்கள். 1944இல் சென்னை அருங்காட்சியக அலமாரியில் அப்போதைய இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் மார்டிமர் வீலர் கண்ட ரோமானிய மதுச்சாடித் துண்டுதான் அவரைப் புதுச்சேரி அருகேயுள்ள அரிக்கமேட்டுக்கு அழைத்துப்போனது. மறு ஆண்டே அகழாய்வு நடந்தது. துண்டு எங்கே கிடைத்தது என்பது தெரிந்திருந்ததால்தான் அது நடந்தது. இன்று பல பெட்டிகளில் "பானை ஓடு, சங்க காலம்" என்பதோடு சரி. ஊர், அகழாய்வுக் குழி எண், மண்ணடுக்கு, ஆழம் எதுவும் கிடையாது. ஓட்டைக் கம்பி பிரஷால் தேய்த்தால் அதில் கீறி எழுதிய எழுத்தும் சேர்ந்து போய்விடும். எண் எழுதும்போது முதலில் கரைத்து நீக்கக்கூடிய பூச்சு ஒரு கோடு, அதன்மேல் மை, அதுவும் உட்புறத்தில். உடைந்த விளிம்பில் எழுதவே கூடாது. எந்த ஓடு எதோடு பொருந்தும் என்பதும் களிமண்ணின் தன்மையும் அங்கேதான் தெரியும்.

நடுகல்லுக்கு எனாமல் பெயின்ட் அடித்து, அடியில் சிமென்ட் பூசியதையும் "புதுப்பொலிவு" என்று முன்பு படத்தோடு போட்டீர்கள். சிமென்டால் ஈரம் கல்லுக்குள் ஏறி, உப்பு பூத்து, மேல்தோல் பொருக்காக உதிரும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் அப்படிப் பெயின்ட் அடித்திருந்தால் தமிழ்ப் பிராமி எழுத்து இருப்பதே தெரிந்திருக்காது.

புளி போட்டுத் தேய்க்கக் கூடாது என்று அதே பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் போடுங்கள். அடுத்த முறை போகிற நிருபர், பொருள்களோடு கிடைத்த இடத்தின் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
தொல்பொருள் பாதுகாப்புப் பணியில் இருந்த ஒரு வாசகர்