ஒரே நாளில் இரண்டு அரண்மனையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பாரிஸில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். போன வாரம் லுவார் பள்ளத்தாக்கு அரண்மனைகளுக்கு ஒருநாள் சுற்றுலாவாகப் பேருந்தில் போனோம். உங்கள் வாசகர்கள் யாராவது கிளம்பினால், ஒரு நாளுக்கு ஒரு அரண்மனை என்று வைத்துக்கொள்ளட்டும்.

முதலில் ஷாம்போர். 1519இல் முதலாம் பிரான்சுவா மன்னர் கட்டத் தொடங்கியது. நானூறுக்கும் மேற்பட்ட அறைகள். நடுவில் இரட்டைச் சுருள் படிக்கட்டு: ஒருவர் ஏற, ஒருவர் இறங்க, நேருக்கு நேர் சந்திக்கவே மாட்டார்கள். பேத்தியும் நானும் ஆளுக்கொரு பக்கம் ஏறி, சன்னல் வழியே கையசைத்துக்கொண்டோம். தோட்டத்தில் கால் வைக்குமுன் வழிகாட்டி கூப்பிட்டுவிட்டார். கொடுத்தது ஐம்பதே நிமிடம்!

அப்புறம் ஷெனோன்சோ. ஷேர் ஆற்றின் குறுக்கே, பாலத்தின் மேலேயே மாளிகை. பாலம் கட்டியவர் இரண்டாம் ஹென்றி மன்னரின் காதலி டியான். 1559இல் மன்னர் இறந்ததும் டியானை வெளியேற்றிவிட்டு, பாலத்தின்மேல் நீளமான கூடம் எழுப்பியவர் மன்னரின் மனைவி ராணி கத்தரீன். இருவர் பெயரிலும் தனித்தனித் தோட்டங்கள் இன்றும் இருக்கின்றன. (சக்களத்திச் சண்டை எந்த ஊரில்தான் இல்லை!) முதல் உலகப் போரில் அந்தக் கூடம்தான் மருத்துவமனை. எனக்குப் பிடித்தது சமையலறை. ஆற்றில் நிற்கும் தூணுக்குள்ளேயே இருக்கிறது, சுவர் முழுக்கச் செம்புப் பாத்திரங்கள். அங்கிருந்து நகர எனக்கு மனமில்லை. பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பாரிஸிலிருந்து