பேக்ஸ்பேஸ் எதை அழித்ததோ அதை மட்டும் சொல்லுங்கள்: திரைவாசிப்பான் உருவாக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்குப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளை உருவாக்கும் நிறுவனத்தாருக்கும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம். புதிய பதிப்பு வந்துவிட்டது, மகிழ்ச்சி. கூடவே ஒரு மின்னஞ்சலும் வந்தது. தமிழ்த் தட்டச்சு பற்றி நாங்கள் அனுப்பிய வழு (மென்பொருள் பிழை) அறிக்கையில் நெடுநாளாக யாரும் பேசவில்லையாம், அதனால் தானியங்கி அதை மூடிவிட்டதாம். சொல்ல வேண்டியதையெல்லாம் முதல் நாளே சொல்லி முடித்தாயிற்று. அதற்கு மேல் யார் என்ன பேசுவது? பதில் சொல்ல வேண்டிய முறை உங்களுடையது. எங்கள் கோரிக்கை இதுதான்: அந்த அறிக்கையை மறுபடி திறந்து, பேக்ஸ்பேஸ் வழுவைத் திருத்துங்கள்.

வழு என்னவென்று உங்களுக்குத் தெரியும். செய்து பார்த்தீர்களா என்பதில்தான் சந்தேகம். நோட்பேடில் ‘பொன்னு’ என்று அடியுங்கள். உள்ளே இருப்பவை ஆறு குறியீடுகள்: ப, ஒகரக்குறி, ன, புள்ளி, ன, உகரக்குறி. இப்போது ஒருமுறை பேக்ஸ்பேஸ். கடைசியில் இருந்த உகரக்குறி மட்டும் போய், திரையில் ‘பொன்ன’ மிஞ்சுகிறது. ஆனால் திரைவாசிப்பான் ‘னு’ என்கிறது. னு முழுதாகப் போய்விட்டது என்று நம்பி ‘னி’ அடிக்கிறார் பார்வையற்றவர். பொன்னி என்ற பெண் பொன்னனி ஆகிவிடுகிறார்.

காரணம் எளிது. அம்புக்குறி விசையும் டெலீட் விசையும் உயிர்மெய்யை ஓர் எழுத்தாகவே கொள்கின்றன. பேக்ஸ்பேஸ் அப்படியல்ல, ஒரு குறியீட்டை மட்டும் அழிக்கும். தமிழில் அடிப்பவருக்கு அதுதான் வசதி, அதை மாற்றச் சொல்லவில்லை. உங்கள் நிரலோ அழிப்பதற்கு முன் கர்சருக்கு இடப்பக்க எழுத்தை முழுதாக எடுத்து வைத்துக்கொண்டு, அழித்தபின் அதையே ஒப்பிக்கிறது. உண்மையில் என்ன போனது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஒரு குறியீடு என்பதால் இந்தக் குறை வெளியே தெரியாமலே தப்பித்துவிட்டது.

திருத்தமும் பெரிதல்ல. எடுத்து வைத்த எழுத்தை, அழித்தபின் அந்த இடத்தில் மிஞ்சியிருப்பதோடு ஒப்பிடுங்கள். ஒன்றும் மிஞ்சவில்லையென்றால் இப்போது போலவே எழுத்தைச் சொல்லட்டும். குறி மட்டும் போய் எழுத்து மிஞ்சியிருந்தால் ‘உகரக்குறி நீக்கம், மீதி ன’ என்று சொல்லட்டும். புள்ளி போனால் ‘புள்ளி நீக்கம்’. சோதிக்கும்போது ‘கொ’வை இரண்டு விதமாகவும் பாருங்கள்: ஒகரக்குறி ஒரே குறியீடாக இருக்கும்போது, எகரக்குறியும் துணைக்காலுமாக இரண்டாக இருக்கும்போது. இரண்டாவதில் ஒருமுறை அழித்தால் ‘கெ’ மிஞ்ச வேண்டும். ‘ஸ்ரீ’யையும் விட்டுவிடாதீர்கள். திரையில் ஒரே வடிவம், உள்ளே நான்கு குறியீடுகள்.

‘ஒவ்வொரு எழுத்தாகப் போய்ச் சரிபார்க்கலாமே’ என்று பதில் வரும். போகலாம். போனால் ந, ன இரண்டும் ஒரே ஒலி. பல குரல்களில் ண கூட அவற்றோடு சேர்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் பி என்றால் ‘பிராவோ’ என்று விளக்கம் தருகிறீர்கள். தமிழில் தந்நகரம், றன்னகரம், டண்ணகரம் என்று பள்ளியிலேயே பெயர் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வரிக்கு ஓர் எழுத்தாக ஒரு கோப்பு எழுதினால் தீர்ந்தது. புதிதாக வரும் எமோஜிகளையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடும் மென்பொருளுக்கு, ந, ன, ண மூன்றையும் பிரித்துச் சொல்வது அவ்வளவு பாரமா?

என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானின் 2024.3 பதிப்பில் யூனிகோட் இயல்பாக்கம், அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்குவது, ஒரு தேர்வாக வந்தது. உடைந்து கிடக்கும் ஒகரக்குறியைச் சேர்த்துப் படிக்க அது உதவும், நன்றி. ஆனால் அது படிப்பதற்கான மருந்து. எங்கள் நோவு எழுதுவதில்.

இது எங்கே கடிக்கிறது என்றால், விண்ணப்பப் படிவத்தில். சான்றிதழில் உள்ள பெயரும் படிவத்தில் உள்ள பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிழை இருக்கும் பெட்டியைச் சில தளங்கள் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டும். திரைவாசிப்பானுக்கு அதில் படிக்க ஒன்றுமில்லை. டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசாணையை இன்னமும் கோணலாக ஸ்கேன் செய்து படமாகப் போடுகிறவர்கள் அந்தத் தீர்ப்பையும் படமாகத்தான் சேமித்து வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. அவர்களுக்குத் தனி மடல் எழுத வேண்டும், இங்கே உங்களைப் பிடித்து வைத்துத் திட்டி என்ன பயன்?

ஆகவே பணிவோடு கேட்கிறோம். மூடிய அறிக்கையைத் திறங்கள். பேக்ஸ்பேஸ் எதை அழித்ததோ அதை மட்டும் சொல்ல வையுங்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் தமிழ்99 விசைப்பலகையில் நோட்பேட், வேர்டு, உலாவியின் உரைப்பெட்டி மூன்றிலும் மேலே சொன்ன சொற்களை அடித்து, அழித்துப் பாருங்கள். அழிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த பதிவுக் கோப்புகள் வேண்டுமென்றால் தருகிறோம், சோதனைப் பதிப்பு தந்தால் அன்றே ஓட்டிப் பார்த்துச் சொல்கிறோம். தானியங்கிக்கு மட்டும் இந்த ஓர் அறிக்கையில் விலக்கு கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தமிழில் தட்டச்சிடும் பார்வையற்ற கணினிப் பயனர்கள்