ஞாயித்துக்கிழமை சைக்கிள் ரைடு போக ஒரே ஒரு இடத்துல தகவல் சொன்னா போதும்னு ஏற்பாடு பண்ணித் தரக் கேட்டு மனு

அனுப்புநர்
மதுரைல ஒரு சின்ன சைக்கிள் கிளப்புக்கு ரைடு ஏற்பாடு பண்றவன் (பேரு, விலாசம், போன் நம்பர் தனித்தாள்ல வச்சிருக்கேன்)

பெறுநர்
மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மதுரை மாவட்டம்

பொருள்: வாராவாரம் ஞாயித்துக்கிழமை விடியக்காலைல நாங்க கூட்டா சைக்கிள்ல போறது சம்பந்தமா

ஐயா,

வணக்கம். பேசுற மாதிரியே எழுதிருக்கேன், தப்பா எடுத்துக்காதீங்க, அதுக்குக் காரணம் இருக்கு. போன தடவை திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு வந்தப்ப வெளிய மனு எழுதித் தர்ற ஒரு அண்ணன்கிட்ட எழுதி வாங்கினேன், மனுசன் "மேற்படி பொருள் தொடர்பாக"ன்னு ஆரம்பிச்சு ரெண்டு பக்கம் அருமையா எழுதினாரு, ஆனா நாங்க செய்றதை "மிதிவண்டி ஊர்வலம்"னு போட்டுட்டாரு. நானும் அவசரத்துல படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். அது எங்கெங்கயோ சுத்திட்டு, ஊர்வலத்துக்கெல்லாம் அனுமதி தர முடியாதுன்னு ஏதோ ஒரு ஆபீஸ்ல இருந்து ஒரு வரி பதிலா வந்துச்சு. அவங்க பதில்ல தப்பே இல்ல, கேட்ட கேள்விதான் தப்பு. அதான் இந்தத் தடவை நானே டைப் பண்ணிட்டேன்.

நாங்க ஊர்வலம் போகல ஐயா. கொடி கிடையாது, பேனர் கிடையாது, மைக் கிடையாது, கோஷமும் கிடையாது. கொரோனா அடங்கின நேரத்துல நாலு பேரு டீ குடிக்கப் போயி ஆரம்பிச்சது இது, இப்ப ஒரு ஞாயித்துக்கிழமைக்கு முப்பது பேரு வர்றாங்க. நர்ஸ் இருக்காங்க, பேங்க்ல வேலை பாக்கறவங்க இருக்காங்க, நகைப் பட்டறைல வேலை பாக்கற தம்பி ஒருத்தரு, காலேஜ் பசங்க, அரசாங்கம் ப்ளஸ் ஒன்ல குடுத்த சைக்கிளையே எடுத்துட்டு வர்ற ரெண்டு பசங்க. ரிட்டயர்டு வாத்தியாரு ஒருத்தரு இருக்காரு, வயசு 61, டபுள் பார் வச்ச பழைய பெரிய சைக்கிள்லதான் வருவாரு, எழுபதாயிரம் ரூபா கியர் சைக்கிள் வச்சிருக்கற பசங்க மேட்டுல மூச்சு வாங்கி நிக்கிறப்ப இவரு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு பக்கத்துல தாண்டிப் போவாரு. (பெல் வேற அடிப்பாரு.)

ஒரு ரைடுன்னா என்ன நடக்குதுன்னு சொல்லிர்றேன், ஏன்னா கும்பலா பசங்க ரேஸ் விடுறாங்கன்னுதான் நிறைய பேரு நினைக்கிறாங்க. வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள எந்த ரூட்டு, எத்தனை கிலோமீட்டர், எங்க நிறுத்தம்னு க்ரூப்ல போட்டுருவோம். ஞாயித்துக்கிழமை அஞ்சே காலுக்கு தமுக்கம் பக்கத்துல கூடுவோம். ஹெல்மெட் இல்லாட்டி வீட்டுக்குப் போகச் சொல்லிருவோம், முன்னாடி வெள்ளை லைட்டும் பின்னாடி செவப்பு லைட்டும் இருக்கணும், காத்து, பிரேக்கு பாப்போம். அப்புறம் பத்துப் பத்து பேரா பிரிச்சிருவோம். இதுதான் முக்கியம், முப்பது பேரும் ஒரே சரமா போனா பின்னாடி வர்ற பஸ்ஸு எங்களைத் தாண்டவே முடியாது, அவரு பொறுமை போயி எதிர்ல வண்டி வர்றப்ப ஏறுவாரு, அதனால ஒரு குழு கிளம்பி மூணு நிமிஷம் கழிச்சுத்தான் அடுத்த குழு. ஒவ்வொரு குழுவுக்கும் முன்னாடி ஒருத்தர், அவருக்கு லீடுன்னு பேரு, அவரைத் தாண்டி யாரும் போகக்கூடாது. கடைசில ஒருத்தர் ஸ்வீப், அவருக்குப் பின்னாடி யாரும் தங்கக்கூடாது, பஞ்சர் ஆனா அவருதான் கூட நிப்பாரு, ட்யூபு, பம்பு, டயர் லிவர் எல்லாம் அவரு பையில இருக்கும். முன்னாடி போறவரு "பள்ளம்"னு கத்துவாரு, அது ஒவ்வொரு ஆளா பின்னாடி வரைக்கும் போகும். வேகம் 18, 20 தான். புதுசா வந்தவங்களை விட்டுட்டுப் போற பழக்கம் கிடையாது. வெயிலு ஏறுறதுக்குள்ள, எட்டரைக்கெல்லாம் எல்லாரும் வீட்டுல இட்லி சாப்பிட்டுட்டு இருக்கணும்ங்கறது எழுதாத சட்டம்.

இப்ப பிரச்சனைக்கு வர்றேன்.

எங்களுக்குப் பிடிச்ச ரூட்டு அழகர்கோவில். தல்லாகுளம், புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி, அழகர்கோவில். சித்திரைக்கு அழகர் இறங்கி வர்ற அதே வழில நாங்க ஏறிப் போறோம், போக வர 40 கிலோமீட்டர் வரும், வழியெல்லாம் மண்டகப்படி மண்டபம், அப்பன்திருப்பதி தாண்டினதும் மலை எதிர்ல நிக்கும், அந்த நேரத்து வெளிச்சத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியல. ஆனா இந்த ஒரு ரூட்டுலயே ஆரம்பிக்கறது மாநகரப் போலீஸ் எல்லை, அதாவது கமிஷனர் கீழ, ஊரைத் தாண்டினா மாவட்டப் போலீஸ், அது எஸ்.பி. கீழ. சரின்னு கீழடி பக்கம் போனா இன்னும் வேடிக்கை. மதுரைல இருந்து 12, 13 கிலோமீட்டர்தான், 2023 மார்ச்சுல மியூசியம் திறந்ததுல இருந்து எல்லாரும் அங்கதான் போவோம்னு கேக்கறாங்க, ஆனா சிலைமான் தாண்டினா சிவகங்கை மாவட்டம் வந்துருது. டீ ஆறுறதுக்குள்ள போற தூரத்துக்கு கமிஷனர் ஒருத்தர், எஸ்.பி. ரெண்டு பேரு.

சைக்கிள் ஓட்ட பர்மிஷன் எதுக்குன்னு நீங்களே கேப்பீங்க, நாங்களும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தோம். போன வருசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு செக்போஸ்ட்ல எங்களை நிறுத்துனாங்க. எந்த எடம்னு சொல்ல விரும்பல, ஏன்னா அந்த ஏட்டய்யா மேல எனக்குக் கோவம் இல்ல, இருட்டுக்குள்ள இருபத்தெட்டு சைக்கிள் லைட்டு மினுக்கிட்டு வந்தா எனக்கே சந்தேகம் வரும். யாரு, எங்க போறீங்க, யாரைக் கேட்டு வந்தீங்கன்னு எல்லார் பேரும் நம்பரும் எழுதி வாங்கி முடிக்க நாப்பது நிமிஷம் ஆச்சு. அடுத்த தடவை முன்னாடியே சொல்லிட்டுப் போங்கன்னாரு. நியாயந்தான்னு அடுத்த வாரமே ஒரு ஸ்டேஷன்ல லெட்டர் குடுக்கப் போனேன், இது எங்க லிமிட்ல பாதிதான் வருது அங்கிட்டுப் போங்கன்னாங்க, அங்கிட்டுப் போனா அய்யா வந்ததும் வாங்கன்னாங்க, அய்யா வந்தப்ப மேல இருந்து கடுதாசி வாங்கிட்டு வரச் சொன்னாரு. மேலன்னா எந்த மேலன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. ஒரு டீ குடிக்கப் போறதுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரை நாள் லீவு போட்டுட்டு இருக்கேன் ஐயா.

லீவு போனாக்கூடப் பரவால்ல. அன்னிக்கு நிறுத்தி விசாரிச்சப்ப எங்ககூட ஒன்பது பெண்கள் இருந்தாங்க. அடுத்த வாரம் வந்தது நாலு பேரு. என்னாச்சுன்னு கேட்டா, "ரோட்ல போலீஸ் பேரு எழுதிட்டுப் போனாங்கன்னு வீட்டுல சொல்லிட்டேண்ணே, இனிமே போக வேணாம்னுட்டாங்க". அவ்வளவுதான் விசயம். யாரும் மிரட்டல, யாரும் திட்டல, ஒரு நோட்டுல பேரு எழுதுனாங்க, அஞ்சு பேரோட ஞாயித்துக்கிழமை போச்சு. அதுல ஒரு அக்கா முப்பத்தெட்டு வயசுல எங்ககிட்டதான் சைக்கிளே கத்துக்கிட்டாங்க, ரேஸ் கோர்ஸ் மைதானம் பக்கம் ரெண்டு மாசம் சீட்டைப் பிடிச்சுட்டே ஓடுனோம்.

எங்க அம்மாவுக்குச் சொந்த ஊரு புதுக்கோட்டை பக்கம். 1991-ல அங்க அறிவொளி இயக்கம் நடந்தப்ப கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா எழுத்தோட சேத்து சைக்கிளையும் பெண்களுக்குக் கத்துக் குடுக்க வச்சாங்கன்னு எங்க அம்மா அடிக்கடி சொல்லும். தண்ணிக் குடத்தை கேரியர்ல கட்டிக்கிட்டு பொம்பளைங்க சைக்கிள்ல போனதை ஊரே நின்னு பாத்துச்சாம். சைக்கிளுக்கும் கலெக்டருக்கும் என்ன சம்பந்தம்னு யாராவது உங்க ஆபீஸ்ல கேட்டா சொல்றதுக்காக இதை எழுதுறேன்.

நான் கேக்கறது இதுதான். மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு நீங்கதான் தலைவர். போலீஸு, ஆர்.டி.ஓ., ஹைவேஸ், எல்லாரும் ஒரே டேபிள்ல உக்கார்ற எடம் எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான். மாசம் பிறக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி அந்த மாசத்து ஞாயித்துக்கிழமை எல்லாத்துக்கும் ரூட்டு, கிளம்புற நேரம், திரும்புற நேரம், சுமாரா எத்தனை பேரு, அன்னிக்கு லீடு போறவரு நம்பர், எல்லாத்தையும் ஒரே தாள்ல போட்டு ஒரே ஒரு ஈமெயிலுக்கு நாங்க அனுப்புறோம். அங்க இருந்து மாநகரக் கன்ட்ரோல் ரூமுக்கும் மாவட்டக் கன்ட்ரோல் ரூமுக்கும், கீழடி ரைடா இருந்தா சிவகங்கைக்கும் போயிரணும். வந்து சேந்துச்சுன்னு ஒரு வரி பதில் எங்களுக்கு வந்தா போதும், நிறுத்துனா அதைக் காட்டிட்டுப் போயிருவோம். இது பர்மிஷன் இல்ல ஐயா, தகவல். பர்மிஷன்னு ஆச்சுன்னா அதுக்கு ஒரு பைலு, பைலுக்கு ஒரு நம்பரு, எங்க ஞாயித்துக்கிழமை புதன்கிழமை ஆயிரும். எங்களுக்காகன்னு மட்டும் இல்ல, மதுரைல இந்த மாதிரி இன்னும் பல குழு ஓட்டுது, நடக்கறவங்க ஓடுறவங்க குழுவும் இருக்கு, அவங்களும் இதே ஈமெயிலை வச்சுக்கலாம்.

அதே மாதிரி அங்கிட்டு இருந்தும் எங்களுக்குச் சொல்லலாம். சித்திரைத் திருவிழா சமயத்துல நாங்க அழகர்கோவில் ரோட்டுப் பக்கமே போறதில்ல, பொங்கல் நேரம் பாலமேடு, அலங்காநல்லூர் ரூட்டைத் தொடுறதில்ல, அதெல்லாம் எங்களுக்கே தெரியும். வி.ஐ.பி. வர்றது, திடீர்னு ரோடு வெட்டுறது, இதுதான் தெரிய மாட்டேங்குது. வேணாம்னு சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குச் சொன்னாக்கூட நிறுத்திருவோம். எலெக்ஷன் நேரத்துல என்ன சொல்றீங்களோ அப்படி.

ரோட்டை அடைச்சுக் குடுங்கன்னு கேக்கல. சைக்கிளுக்குத் தனி ட்ராக்கும் கேக்கல, போட்டா நல்லதுதான், ஆனா போட்ட அன்னிக்குச் சாயங்காலமே அதுல டூவீலர் நிக்கும், மறுநாள் பானிபூரி வண்டி நிக்கும், நாங்க திரும்பவும் ரோட்லதான் ஓட்டுவோம். நத்தம் ரோடு மேம்பாலம் 7.3 கிலோமீட்டர், அதுல ஓட்டணும்னு பசங்களுக்கு ரொம்ப ஆசை, ஆனா எங்க கிளப்புல அது கூடாதுன்னு வச்சிருக்கோம், ராத்திரி பூரா ஓட்டிட்டு வர்ற டிரைவருங்க அந்த நேரத்துல அசந்திருப்பாங்க. கீழ ரோட்லதான் போறோம்.

ரோடுன்னு வந்ததால இன்னொண்ணு, இதுக்கு மெயின் கோரிக்கை அளவுக்கு அவசரம் இல்ல, ஆனா எங்க தம்பி ஒருத்தனுக்குக் காரை எலும்பு உடைஞ்சது இதாலதான். ஒரு ஊரு முகப்புல புதுசா வேகத்தடை போட்டிருந்தாங்க, யாரு போட்டாங்கன்னே தெரியல, பெயின்ட் இல்ல, போர்டு இல்ல. ரோட்டுக்கெல்லாம் அளவு வகுக்கற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்ங்கற அமைப்போட கணக்குப்படி 3.7 மீட்டர் அகலத்துக்குப் படிப்படியா ஏறி இறங்கணும், உயரம் 10 சென்டிமீட்டர், அங்க இருந்தது தார்ல செஞ்ச ஒரு கொழுக்கட்டை. இருட்டுல லீடு போனவருக்கே தெரியல, "பள்ளம்"னு கத்த நேரமும் இல்ல, அது பள்ளமும் இல்ல. மூணாவது ஆளா வந்த தம்பி கையை ஊணி விழுந்தான். அப்புறம் சாக்கடை மூடி. கம்பி ரோட்டோட போக்குலயே நீளவாக்குல இருந்தா எங்க டயரு அப்படியே உள்ள இறங்கிரும், அதையே திருப்பிக் குறுக்குவாக்குல போட்டா ஒரு பிரச்சனையும் இல்ல, காசும் ஜாஸ்தி ஆகாது. ஜீப்புல போனா ரெண்டுமே தெரியாது. ரோடு பாக்கற எஞ்சினியர் சார் யாராவது ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை எங்ககூட வந்தா போதும், சைக்கிள் நாங்க தர்றோம், ஹெல்மெட் தர்றோம், பருத்திப்பாலும் வாங்கித் தர்றோம். ஒவ்வொரு எடமா நின்னு கைகாட்டிருவோம்.

வர்ற மாசத்து ரைடு பட்டியலை இதோட வச்சிருக்கேன். முதல் ஞாயிறு கீழக்குயில்குடி, சமணர் மலை அடில தாமரைக் குளத்துக்கிட்ட டீ, போக வர 25 கிலோமீட்டருக்குள்ளதான். அதுக்கு முன்னாடி அந்த ஈமெயில் விலாசம் எதுன்னு தெரிஞ்சிருச்சுன்னா, வராம நின்ன அஞ்சு பேரு வீட்டுக்கும் நானே போய் உங்க ஆபீஸ் பதிலைக் காட்டிக் கேட்டுப் பாக்கறேன்.

நன்றி ஐயா.

இப்படிக்கு,
ரைடு ஏற்பாடு பண்றவன், மதுரை

பி.கு.: இதைப் பதிவு பண்றவங்க தயவுசெஞ்சு தலைப்புல "ஊர்வலம்"னு போட்டுறாதீங்க.