'உவன்' அச்சுப்பிழை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழ்ச் சிறுகதையில் யாழ்ப்பாணத்துத் தாய் தொலைபேசியில் மகனிடம் "அங்க மழையா?" என்கிறாள். "உங்கை மழையோ?" (நீ இருக்கும் இடத்தில் மழையா?) என்றுதான் அவள் கேட்பாள். கதாசிரியருக்கும் அது தெரியும். பின்னால் ஓரிடத்தில் 'உவன்' திருத்தத்துக்குத் தப்பி நிற்கிறதே! உகரம் வந்த மற்ற இடங்களை எல்லாம் பிழையென்று மாற்றியது தங்கள் மெய்ப்பாளராகத்தான் இருக்க வேண்டும்.

அ, இ, உ மூன்றையும் தொல்காப்பியம் சுட்டு, அதாவது ஒன்றைச் சுட்டிக் காட்டும் எழுத்து, என்பது தாங்கள் அறியாததல்ல. தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச்சுட்டு போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் இன்றும் அன்றாடம் புழங்குகிறது. என் கையில் இருப்பது 'இது', உங்கள் கையில் இருப்பது 'உது', இருவருக்கும் எட்ட இருப்பது 'அது'. இஞ்சை, உங்கை, அங்கை என்று இடத்துக்கும் இதே கணக்குதான். 'உங்கை' என்பதை 'அங்க' ஆக்கினால், மகன் இருக்கும் ஊரை விட்டு வேறெங்கோ பெய்யும் மழையைத் தாய் விசாரிப்பதாகிவிடுகிறது.

அதே கதையில் கணவன் மனைவியை "வாங்க" என்கிறான். இங்கே நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி உண்டு. மனைவியிடம் "இஞ்சை வாரும்" என்பதில் உரிமையும் இருக்கிறது, மதிப்பும் இருக்கிறது. 'கதைச்சவ' என்பதைப் 'பேசினவ' என்று மாற்றியதோ பொருளையே புரட்டிவிட்டது. இங்கே பேசுவது என்றால் திட்டுவது.

முன்பொரு பொங்கல் மலரில் ஹட்டன் தேயிலைத் தோட்டத் தொழிலாளி 'வருகினம்' (வருகிறார்கள்) என்று பேசினார். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. அது வடக்கின் வினைமுடிபு. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்த மலையக மக்களின் பேச்சு தமிழ்நாட்டுப் பேச்சுக்கே நெருக்கமானது. மட்டக்களப்புக்காரரோ பிறகு என்பதற்கு 'மறுகா' என்பார், 'என்னகா' என்பார், திரும்பு என்பதற்குக் 'கிறுகு' என்பார். இத்தனையையும் 'இலங்கைத் தமிழ்' என்று ஒன்றாக்கி, ஆம் என்பதற்கு ஆளுக்கு இரண்டு 'ஓம்' கொடுத்துவிடுவது எங்களுக்கு வலிக்கிறது. மதுரைக் கதையில் 'வந்துட்டாய்ங்க' என்று வந்தால் தாங்கள் தொடுவதில்லை. அந்த மரியாதை எங்கள் பேச்சுக்கு மட்டும் ஏன் இல்லை?

இனி இலங்கைக் கதைகளில் மேற்கோள் குறிக்குள் இருக்கும் உரையாடலைக் கதாசிரியரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தின் மெய்ப்பை மட்டுமாவது அவருக்கு அனுப்புங்கள். இந்தக் கதைக்கு அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
வாசகர், யாழ்ப்பாணம்